வசனத்தின் கடைசியில் வந்த ‘வீ’

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பாளர் பயிற்சி வகுப்பில் மருத்துவச் சொற்கள், நீதிமன்றச் சொற்கள், குழந்தைகள் நலப் பகுதியின் சொற்கள் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அவற்றுக்குள் போகப்போவதில்லை. ஒரேயொரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு என் பாட்டில் இருந்துவிடுகிறேன். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’ என்ற சொல். அதை நம்பாதீர்கள்.

எங்கள் ஆட்கள் டொக்டருக்கு முன்னால் இருந்து எதற்கும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டுவார்கள். அது சம்மதம் இல்லை. ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கோ’ என்பதுதான் அதன் அர்த்தம். ஒரு முறை வயதான ஒருவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்வது பற்றி டொக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். ஐயா வசனத்துக்கு வசனம் ஓம் போட்டார். டொக்டருக்குத் திருப்தி, நாள் குறிக்கப் போனார். நான் கையை உயர்த்தி, “மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல விரும்புகிறார்” என்றேன். எங்களுக்கு ‘நான்’ கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே. ‘நான்’ என்பது பேசுகிறவருடைய சொத்து. எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் யாரோ மூன்றாம் ஆளைச் சொல்வதுபோலத்தான் சொல்லவேண்டும். டொக்டர் கேட்டுவிட்டு, “அப்படியானால் வெட்டுவதற்குச் சம்மதமா என்று நேராகவே கேளுங்கள்” என்றார். கேட்டேன்.

“ஐயோ, அது வேண்டாம் பிள்ளை,” என்றார் ஐயா. “அவர் பாவம், கஷ்டப்பட்டு விளங்கப்படுத்துறார் எண்டுதான் ஓம் ஓம் எண்டனான்.”

டொக்டர் சிரித்தார், எனக்கு நன்றியும் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை. அந்த டொக்டருக்கு அந்த ஓமால் ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை, அதனால்தான் அவ்வளவு லேசாக அதைக் கைவிட்டார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ஓம் தேவைப்படுகிற ஆட்கள் வேறு ரகம்.

போன கிழமை உங்களில் ஒருத்தி எனக்கு ரெலிபோன் எடுத்தாள். பாரிசில் வளர்ந்து, கல்யாணம் கட்டி ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமுக்கு வந்திருக்கிற பிள்ளை.

“அக்கா, எனக்கு ஒரு பெரிய ஒப்ட்ராக் வந்திருக்கு,” என்றாள். ஏஜென்சி தருகிற வேலையைத்தான் இந்தப் பிள்ளைகள் நோர்வேஜியனில் அப்படிச் சொல்வார்கள். “ஹெயிட்டி ஆக்களின்ரை பேச்சுவார்த்தையாம். முந்தி நீங்கள் செய்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். கிரியோல் தெரியாட்டிப் பறவாயில்லை, பிரெஞ்சு மட்டும் காணும் எண்டு சொல்லுகினம்.”

பிரெஞ்சு மட்டும் காணும் என்றதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். இரகசியம் காக்கும் கடமை ஓய்வு பெற்றதோடு முடிந்துபோவதில்லை. ஆகவே பெயர், இடம், ஆண்டு கேட்காதீர்கள். சிலவற்றை மாற்றியும் வைத்திருக்கிறேன். மாற்றாமல் விட்டது அங்கே பேசப்பட்ட சொற்களை மட்டும்தான்.

ஹெயிட்டிச் சனத்தின் பேச்சுமொழியான கிரியோல் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. ஊரை விட்டு ஓடிவந்து முதலில் நின்ற இடம் பாரிஸ். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. கூட வேலை செய்தவர்களில் முக்கால்வாசி ஹெயிட்டிப் பெண்கள். பெரிய கட்டிலுக்கு விரிப்பு மாற்ற இரண்டு பேர் வேண்டும். விரிப்பின் மற்ற முனையைப் பிடித்தவள் பேசிய பாஷை எனக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அவர்கள் என்னை ‘பிளான்’ என்று கூப்பிடுவார்கள். வெள்ளை என்ற சொல் அது. ஆனால் அவர்கள் மொழியில் வெளியாள் எவனும் பிளான்தான், தோல் என்ன நிறமாக இருந்தாலும் சரி. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ட்வெய்ட்டாவில் குடியிருந்த நாளில், பஸ் தரிப்பில் யாராவது என் நிறத்தைச் சொல்லி ஏசினால், என்னையும் வெள்ளை என்று கூப்பிட உலகத்தில் ஒரு சனம் இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சனத்தின் கதை தெரியாமல் மிச்சம் விளங்காது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் எழும்பிச் சண்டை பிடித்து, பிரெஞ்சுக்காரனைக் கலைத்துவிட்டுத் தங்களுக்கென்று ஒரு நாட்டை உண்டாக்கினார்கள். அந்தத் துணிவை உலகம் இன்றுவரை மன்னிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அடிமையாக வைத்திருந்தவனுக்கே தலைமுறை தலைமுறையாக நட்டஈடு கட்ட வைத்தார்கள். பிறகு அமெரிக்கப் படை வந்து வருடக்கணக்கில் குந்தியிருந்தது. அதற்கும் பிறகு ஐ.நா.வின் நீலத் தொப்பிப் படைகள் வந்தன, அவற்றோடு கொலராவும் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் உதவிக்கு வந்ததாகத்தான் சொன்னார்கள். இப்போதோ ஜனாதிபதியை அவர் வீட்டுக்குள்ளேயே வைத்துக் கொன்றுவிட்டார்கள். தலைநகரத்தின் தெருக்கள் ஆயுதக் கும்பல்களின் கையில். சனம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த ஆள் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. வெளியிலிருந்து இன்னொரு படையை அனுப்பலாமா என்று உலகம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தக் கூட்டம் நடந்தது.

சமாதானம் பேசுவதில் நோர்வேக்கு உள்ள ஆசையைப் பற்றித் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் எங்கள் பங்குக்கு நாங்களும் பார்த்துவிட்டோம்.

ஒஸ்லோவுக்கு வெளியே காட்டோரமாக ஒரு விடுதி. பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நோர்வேஜியர், வெளிநாடுகளில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். கெட்ட மனிதர் இல்லை. இடைவேளையில் தானே எழும்பி எல்லோருக்கும் கோப்பி வார்ப்பார், வாஃபலுக்கு ஜாம் பூசிக் கொடுப்பார். பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். இந்தக் கொஞ்சம் தெரிந்தவர்களிடம் கவனமாக இருங்கள். ஒன்றும் தெரியாதவர் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் தெரிந்தவர் எங்களை முந்திக்கொண்டு விளங்கிவிடுவார்.

ஹெயிட்டியிலிருந்து ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் ஆட்கள் வந்திருந்தார்கள். உங்களுக்கு இரண்டு பேரைத் தெரிந்தால் போதும். ஒருவர் முன்னாள் அமைச்சர். மடிப்புக் குலையாத உடுப்பு, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோன்ற பிரெஞ்சு. அவர் குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது, அவரும் பெரும்பாலும் அங்கேதான். வெளியிலிருந்து படை வரவேண்டும் என்பது அவர் வாதம். மற்றவர் தலைநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. நான் மனதுக்குள் அவரை ரீச்சர் என்றே வைத்துக்கொண்டேன். கும்பல்கள் அவருடைய தெருவைப் பிடித்த பிறகு, பள்ளிக்கூடத்தை ஒரு தேவாலய வளவுக்குள் நடத்திக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்த குளிர் கோட்டு தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பேசினது கிரியோல் மட்டும். கிரியோல் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவும், அமைச்சரின் பிரெஞ்சு மேடைத் தமிழாகவும்தான் விழும். அப்படியேதான் இங்கே எழுதுகிறேன்.

முதல் அமர்விலேயே ரீச்சர் தான் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டார்.

“என்னை அனுப்பினது பிள்ளையளின்ரை தாய் தகப்பன்மார். ஆயுதக்காரரை ஒழிக்க வேணும். அதிலை எங்களுக்கு மறுபேச்சு இல்லை. ஆனா வெளியிலை இருந்து ஆர் வாறது, ஆருக்குக் கீழை நிக்கிறது, எப்ப போறது எண்டதை நாங்கள் தெரிஞ்செடுத்த ஒரு அரசாங்கம் தீர்மானிக்க வேணும். நாங்கள் பிளானைக் கூப்பிட்டனாங்கள் எண்டு ஒரு கடதாசியிலையும் வரக்கூடாது. வந்தா நான் திரும்பிப்போய் அந்த வளவுக்குள்ளை கால் வைக்க ஏலாது.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சொல் சிந்தாமல் நோர்வேஜியனில் சொன்னேன். தலைவர் மிக மரியாதையாகத் தலையசைத்தார். அடுத்த நாள் அதே கேள்வியை வேறு உடுப்பில் கொண்டுவந்தார்: சர்வதேச ஆதரவு வந்தால் உங்கள் பகுதி மக்கள் அதை வரவேற்பார்களா?

ரீச்சர் நீளமாகப் பதில் சொன்னார். தெருவில் சுடப்பட்ட தகப்பன்மாரைச் சொன்னார், கொலராவில் செத்த மாணவர்களைச் சொன்னார், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் வந்து தங்களுக்காகத் தீர்மானித்ததைச் சொன்னார். கடைசியில் குரல் இறங்கி, “நு பூக்கே, வீ” என்று முடித்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ‘நு பூக்கே’ என்றால் நாங்கள் களைத்துப்போனோம். கடைசியில் வந்த அந்த ‘வீ’, காதுக்குப் பிரெஞ்சின் ‘ஆம்’தான். ஆனால் கிரியோலில் வசனத்தின் கடைசியில் அது வந்தால் யாருக்கும் எதற்கும் சம்மதம் சொல்வதில்லை. சொன்னதை அழுத்துவதற்காக வருவது, எங்கள் ‘கண்டியளோ’ மாதிரி. ‘நாங்கள் களைச்சுப்போனம், கண்டியளோ.’ அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்க முதலே தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு ‘வீ’ என்று பதில் வந்துவிட்டது அவருக்கு. நான் ‘நாங்கள் களைத்துப்போனோம்’ என்று முடித்தபோது, களைத்துப்போனதால் ஆம் என்கிறார் என்று அவர் இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார்; அது எனக்குக் கடைசி நாள்தான் விளங்கியது. பக்கத்தில் குறிப்பு எடுத்தவரிடம் ஏதோ சொன்னார். முன்னாள் அமைச்சர் எனக்கு நேரெதிரே இருந்தார். அவர் கிரியோலில் பிறந்து வளர்ந்தவர், அந்த ‘வீ’ என்னவென்று என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் கூட்டறிக்கை வாசிக்கப்பட்டது. நோர்வேஜியனிலும் பிரெஞ்சிலும் இருந்தது, கிரியோலில் இல்லை. அமைச்சர் “மிகச் சிறப்பு” என்றார். ரீச்சருக்காக நான் வசனம் வசனமாகக் கிரியோலில் சொல்லிக்கொண்டு போனேன். நாலாவது பந்தியில் வந்தது: ‘சர்வதேசப் படையொன்றை விரைவாக அனுப்புமாறு மக்கள் அமைப்புகளின் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டனர்.’

அதையும் சொன்னேன். ரீச்சர் கோட்டை இழுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆர் கேட்டது?”

அதை நோர்வேஜியனில் போட்டேன். தலைவர் மென்மையாக, “நேற்று நான் கேட்டபோது நீங்களே ஆம் என்றீர்கள். நானே என் காதால் கேட்டேன்” என்றார். ரீச்சர் திகைத்துப்போனார். தான் எதைச் சொன்னார் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. எப்படி வரும்? நீங்கள் நேற்று எத்தனை தரம் ‘கண்டியளோ’ சொன்னீர்கள் என்று உங்களைக் கேட்டால் உங்களுக்குத் தெரியுமா?

நான் கையை உயர்த்தினேன். “மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல விரும்புகிறார்” என்றேன். அந்த ‘வீ’யைப் பற்றிச் சுருக்கமாக, சூடில்லாமல், நோர்வேஜியனிலும் கிரியோலிலும் சொன்னேன். சட்டப்படி நான் செய்யக்கூடியது அவ்வளவுதான், செய்யவேண்டியதும் அதுதான்.

அமைச்சர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“மொழிபெயர்ப்பாளர் அம்மையார் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று அறியலாமா? இலங்கை என்று கேள்விப்பட்டேன். நீலத் தொப்பி அணிந்து எங்கள் நாட்டுக்கு வந்த படைகளில் அந்நாட்டுப் படையும் ஒன்று. அவர்களில் சிலர் எங்கள் சிறுமிகளுக்கு இழைத்ததை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் மொழியையும் எங்கள் இறைமையையும் பற்றி எங்களுக்கே பாடம் நடத்த அவருக்கு என்ன அருகதை?”

அவர் சொன்ன படை போனதும் உண்மை, அந்தக் கொடுமை பத்திரிகைகளில் வந்ததும் உண்மை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. எங்களை யார் அழித்தார்களோ, அவர்களுக்குச் சமாதானப் படை என்று பேர் வைத்து இன்னொரு ஏழை நாட்டின் பிள்ளைகளிடம் அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுப் படை வேண்டும் என்று மூன்று நாளும் வாதாடிய மனிதர், இப்போது அதே படையின் அக்கிரமத்தை எடுத்து என் வாயை அடைக்கிறார்.

இனித்தான் உங்கள் வேலையின் உண்மையான பாரம். அவர் பேசியதை மொழிபெயர்க்க அந்த அறையில் என்னை விட்டால் ஆள் இல்லை. நான்தான் அதை நோர்வேஜியனில் சொல்லவேண்டும். ‘நாங்கள்’ என்றால் ‘நாங்கள்’ என்றுதான் சொல்லவேண்டும். சொன்னேன். ‘எங்கள் சிறுமிகளுக்கு இழைத்ததை நாங்கள் மறக்கவில்லை’ என்று என் வாயால், என்னைப் பற்றி. பிறகு ரீச்சர் பக்கம் திரும்பிக் கிரியோலிலும் சொன்னேன். கிரியோலில் அந்த வசனம் இன்னும் பச்சையாக வந்தது.

ரீச்சர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவருடைய பள்ளிக்கூடத்திலும் சிறுமிகள்.

“மெய்யே? நீ அந்த நாட்டாளே?”

உண்மையைச் சொல்கிறேன், ‘ஓடி வந்ததே அந்தப் படைக்குப் பயந்துதான், என்ரை தம்பியைக் கொண்டுபோனதும் அவங்கள்தான்’ என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தலைவர் உருகிப்போயிருப்பார். எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்திருப்பார். மிச்ச நேரம் முழுக்க என் கண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு, நாலாவது பந்தியை அப்படியே விட்டிருப்பார்கள். அமைச்சர் எதிர்பார்த்ததும் அதுதான். நான் ரீச்சரின் கேள்வியை நோர்வேஜியனில் போட்டேன். அதற்கு மேல், “மொழிபெயர்ப்பாளரைப் பற்றிய கேள்விக்கு மொழிபெயர்ப்பாளர் இங்கே பதில் சொல்லமாட்டார். மேசையில் இருப்பது ‘வீ’ என்ற சொல்” என்று இரண்டு மொழியிலும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெளியே படம் எடுப்பவர் காத்துக்கொண்டிருந்தார். தலைவர் மூச்சை இழுத்துவிட்டு, “யா, யா” என்றார். கடதாசிகளை அடுக்கினார்.

‘யா’ என்றால் ஆம் என்பதை ரீச்சர் இந்த மூன்று நாளில் பொறுக்கிவைத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“ஓம் எண்டுட்டாரே?”

நோர்வேயில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், ‘யா, யா’ என்று இழுத்துச் சொன்னால் அது ஆம் இல்லை. ‘சரி, இருக்கட்டும், இதோடு விடுவோம்’ என்பதுதான்.

“இல்லை, மதாம்,” என்றேன். “அவர் சொன்னது உங்கடை ‘வீ’ மாதிரி. சம்மதம் இல்லை.”

எல்லோரும் படத்துக்கு நிற்கப் பனிக்குள் இறங்கினார்கள். ரீச்சர் போகவில்லை. கோட்டு மாட்டும் கொழுவியடியில் வந்து நின்றார். கூட்டம் முடிந்துவிட்டது, எனக்கும் என் ‘நான்’ திரும்பக் கிடைத்துவிட்டது. உள்ளே விழுங்கியதை அங்கே சொன்னேன். தம்பியையும் சொன்னேன்.

“அப்ப ஏன் அங்கை சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா எல்லாரும் என்னைப்பற்றித்தான் கதைச்சிருப்பினம். உங்கடை ‘வீ’ போயிருக்கும்.”

“அது எப்பிடியும் போட்டுதே, பிள்ளை.” அவர் என் கோட்டின் கொலரை இழுத்துச் சரி செய்தார். “அவையள் வாய் திறந்து ஓம் எண்டாலும் அது ஓம் இல்லை. நாங்கள் ஓம் எண்டு சொல்லாட்டிலும் அது ஓம். நாடு எங்கடையாம்.”

அறிக்கை ஒரு சொல்லும் மாறாமல் வெளிவந்தது. சில கிழமைகளுக்குப் பிறகு, லோறென்ஸ்கூக்கில் இருக்கிற என் வீட்டில் சமைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் அவர்களுடைய வானொலி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிளானைக் கூப்பிட்டவர்கள் என்று சில பெயர்களைக் கிரியோலில் வாசித்தார்கள். ரீச்சரின் பெயரும் இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு அனுமதியும் இல்லை. அந்தக் கூட்டத்தை நடத்திய நிறுவனம் என்னை மறுபடி கூப்பிடவில்லை. ஏஜென்சியில் கேட்டபோது, வேலையில் குறையில்லை, கொஞ்சம் அதிகமாகத் தலையிடுகிறேன் என்று சொல்லப்பட்டதாம். ஓய்வு பெறும்வரை ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் மற்றவர்களின் ஓமை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைக்கு ரெலிபோனில் சொன்னேன்.

“அப்ப நான் போகவோ, வேண்டாமோ அக்கா?” என்று கேட்டாள்.

“போ,” என்றேன். “ஆனா இந்த முறை அங்கை கிரியோல் கதைக்கிற ஒருத்தரும் இருக்கமாட்டினம். அதுக்காகத்தான் பிரெஞ்சு மட்டும் காணும் எண்டினம். தப்பித்தவறி ஆரும் வந்திருந்து, உனக்கு விளங்காத ஒரு வசனம் சொன்னா, கையை உயர்த்து. மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கேல்லை எண்டு சொல்லு. அதை எழுதி வைக்கச் சொல்லு. பிறகு உன்னைக் கூப்பிடமாட்டினம். அதுக்கும் ஆயத்தமா இரு. விளங்குதோ?”

பின்னால் குழந்தை ஒன்று அழுவது கேட்டது.

“ஓம் அக்கா,” என்றாள். “ஓம், ஓம்.”